போர்வை எடுக்கப் போனவள்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இதை அப்படித் தொடங்க மனம் வரவில்லை. ஃபோனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "அக்கா" என்பாய், உன் குரல் தழுதழுக்கும், நானும் அழுதுவிடுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பிரஷர் மாத்திரை வாங்க உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் போனபிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. நீயும் வேறு ஊர்க் கிளைக்கு மாறிப் போய்விட்டாய். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைக்குப் பக்கத்தில் இருப்பதும் அது ஒன்றுதான். டோக்கன் வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் பெரிய டீவி. அதில் நீ.

மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "இந்த நர்ஸுதாங்க எங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிட்டவங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ பேச ஆரம்பித்துவிட்டாய்.

"எங்க வார்டுல ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தாரு. நுரையீரல் கெட்டுப்போயி வந்தவரு. கடைசி நாள் சாயங்காலம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'என் மனைவிய வெளிய அனுப்பிடும்மா, அவ முன்னாடி என்னால அழ முடியல'ன்னாரு. அனுப்பினேன். அவர் அழுது ஓயற வரைக்கும் அந்தக் கையை நான் விடல. மருந்து யாரு வேணும்னாலும் குடுக்கலாம். கை குடுக்கறதுதான் கனிவு."

கூடமே உச்சுக்கொட்டியது. பக்கத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் "பாவம்ல?" என்றாள். "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அது முடிந்ததும் ஆஸ்பத்திரி விளம்பரம். அது முடிந்ததும் மறுபடி நீ. என் டோக்கன் வருவதற்குள் என் கண்முன்னால் அவர் திரும்பத் திரும்பச் செத்தார்.

அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது இது: "அக்கா, அண்ணனுக்கு ஏசி குளுருது. வீட்டுக்குப் போயி நல்ல கனமான போர்வையா எடுத்துட்டு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன்." போனேன். கொடியில் துணி காய்ந்து கிடந்தது, எடுத்து மடித்துவைத்தேன். முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தூக்கத்துலயே போயிட்டாருக்கா. ஒரு முனகல்கூட இல்ல" என்றாய்.

அந்தத் துணியை மடிக்காமல் ஓடிவந்திருக்கலாமே என்று நான் மருகாத நாளில்லை. என் நாத்தனார் வந்தவர் போனவரிடமெல்லாம் "எங்க அண்ணன் கடைசி மூச்சு விடறப்ப பொண்டாட்டி பக்கத்துல இல்ல" என்றாள். குற்றம் என் பேரில்தான் என்று நினைத்திருந்தேன். தூக்கத்திலேயே போனார் என்ற உன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் நடமாடுகிறேன்.

இப்போது சொல். தூங்கினாரா, அழுதாரா? போர்வைக்காக அனுப்பினாயா, என்னைக் கழற்றிவிட அனுப்பினாயா? எனக்கு ஒரு கதை, ஊருக்கு ஒரு கதை. இதில் எது பொய்?

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மனவேதனையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. என்னை இங்கே கனிவுப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கிளையாகப் போய் நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது, எப்படி உட்கார்ந்து கேட்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த உரையில் அண்ணன் பெயரையோ உங்கள் பெயரையோ நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல எண்ணத்தோடு, நாலு பேருக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் பேசினேன். உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். அந்த வீடியோவை நிறுத்த முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்கிறேன்.

தூக்கத்திலேயே போனார் என்று நான் சொன்னது உங்கள் நிம்மதிக்காக. அந்த நேரத்தில் எந்த நர்ஸும் அதைத்தான் சொல்வாள். அது பொய் என்றால், அந்தப் பொய்யும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன் அக்கா. அண்ணன் படுக்கையை நனைத்தபோது உங்கள் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான் போகவில்லை. அவருக்குத் தலை துவட்டி, நகம் வெட்டி, வாயில் கஞ்சி ஊட்டியவள் நான். "சின்ன டாக்டர் வந்தாச்சு, பெரிய டாக்டருங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று என்னைக் கேலி செய்வார். அதையெல்லாம் மறந்துவிட்டு என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி


மார்ச் 22

தங்கச்சிக்கு,

"மனவேதனையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இது உன் பேச்சு இல்லை. எந்த வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறாய்?

நீ செய்ததை நான் மறக்கவில்லை. நகம் வெட்டினாய், கஞ்சி ஊட்டினாய். பெற்ற தாய்க்குக்கூட அந்தப் பொறுமை வராது என்று நானே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

பெயர் சொல்லவில்லையாம். அந்த மாடியில் எத்தனை லிஃப்ட் மெக்கானிக் படுத்திருந்தார்கள்? கேன்டீன்காரர் என்னைப் பார்த்ததுமே, "உங்க வீட்டுக்காரரப் பத்தித்தானம்மா டீவியில சொல்றாங்க?" என்று கேட்டார். நாத்தனாருக்கு யாரோ ஃபோனில் அனுப்பிவிட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக வந்து வாசலில் நின்றாள்.

"இத்தன நாளா நீங்க லேட்டா வந்தீங்கன்னுதான் நெனச்சேன் அண்ணி. அவனே உங்கள வெளிய அனுப்பச் சொல்லியிருக்கான். சாகப்போறவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க வேண்டாம்னு சொல்றான்னா, என்ன பாடுபடுத்தி வெச்சிருந்தீங்களோ!"

அவள் போனபிறகும் ராப்பகலாக அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று இடித்தது.

அவர் என் முன்னால் அழாத மனிதர் இல்லை தங்கச்சி. சினிமாவில் நாய்க்குட்டி காணாமல் போனால் அழுவார். சம்பளம் ஏறினால் அழுவார். நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று என் மடியில் தலைவைத்துத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, "மூக்கத் தொடச்சு விடுடி, கை வரல" என்றார். அப்படிப்பட்டவர், என் முன்னால் அழ முடியவில்லை என்றா உன்னிடம் சொன்னார்?

வீடியோவை நிறுத்துவது அப்புறம். அந்தச் சாயங்காலம் என்ன நடந்தது? எனக்குச் சேரவேண்டியது அது. எனக்குக் கொடு.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. மேடையில் நான் பேசிய அந்த வரி, ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவில் எழுதிக் கொடுத்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று காலையில் ட்ரிப்ஸ் ஏறிய அண்ணனின் கை வீங்கிவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்று நீங்கள் வராந்தாவில் நின்று சத்தம் போட்டீர்கள். நியாயமான சத்தம்தான். ஆனால் அன்று சாயங்காலம் வெளியிலிருந்து ஒரு குழு எங்கள் வார்டைப் பார்வையிட வருவதாக இருந்தது. நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறோம் என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தரம் கொடுக்கிறவர்கள். இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்ல? குழு வந்துட்டுப் போற வரைக்கும் அந்தம்மா வார்டுல இருக்கக் கூடாது. என்ன சொல்லி அனுப்புவியோ எனக்குத் தெரியாது."

நான் சொன்னால் நீங்கள் தட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பிரஷர் இறங்க ஆரம்பித்திருந்ததும் தெரியும். ராத்திரியைத் தாண்டிவிடுவார், அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். போர்வை என்பது அந்த நேரத்தில் என் வாயில் வந்தது.

நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"அவ எங்கம்மா?"

"போர்வை எடுத்துட்டு வர வீட்டுக்குப் போயிருக்காங்கண்ணா. உங்களுக்குக் குளுருதுல்ல?"

"எனக்கா? எனக்குக் குளுரலையே. வேர்க்குதே."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்த்துத்தான் இருந்தது. துடைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடி கேட்டார்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாங்கண்ணா. லிஃப்டுல மேல வந்துட்டு இருக்காங்க."

சுவர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பினார். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் லிஃப்ட் ஓடும், உங்களுக்குத் தெரியும். கவனித்துக் கேட்டார்.

"இல்லம்மா. லிஃப்டு கீழயே நிக்குது. ஏறினா எனக்குக் கேக்குமே."

உங்களைக் கூப்பிட ஃபோனைக் கையில் எடுத்தேன். அதே நேரம் குழு வார்டுக்குள் வந்துவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்தது உண்மை. அழுவதற்காகப் பிடிக்கவில்லை. எழுந்திருக்கப் பிடித்தார். "நான் போயிக் கூட்டிட்டு வரேன்" என்றார். நான் தோளை அழுத்தி அவரைப் படுக்கவைத்தேன். என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

குழுவில் வந்த ஓர் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், சாகிற மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான். "இதுதாங்க கனிவு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதிலிருந்துதான் எனக்கு விருது, மேடை, இந்த வேலை எல்லாம். பேச்சை எழுதும்போது விளம்பரப் பிரிவில் கேட்டார்கள்: "அவரோட மனைவி அப்ப எங்க இருந்தாங்க? ஜனங்க கேப்பாங்களே." நான் சும்மா இருந்தேன். அவர்களே ஒரு பதிலை எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் மனப்பாடம் செய்தேன்.

முந்தைய கடிதத்தில் உங்கள் நிம்மதிக்காகச் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். என் நிம்மதிக்காகத்தான் சொன்னேன்.

தங்கச்சி என்று போட்டுக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

நர்ஸ்


ஏப்ரல் 20

படித்தேன்.

படித்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒருவருக்கு மாற்றி ஒருவருக்குக் கண்ணாடி கொடுத்திருக்கிறேன். "என்னம்மா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்று ஒரு பெரியவர் திரும்பி வந்தார். முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

நாத்தனாரைக் கூப்பிட்டு உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். வாய்விட்டுத்தான் படிப்பாள் அவள். "நான் போயிக் கூட்டிட்டு வரேன்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "உங்களத் தேடி எழுந்திரிக்கப் பாத்திருக்கான் அண்ணி" என்றாள். அதற்குமேல் படிக்கவில்லை. மறுநாள் வந்து, நான் கேட்காமலே என் வீட்டு மின்விசிறியெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவர் என்னைத் தேடினார். அது போதும் எனக்கு, சாகிற வரைக்கும் போதும். அவர் தேடினார் என்பது தெரிந்தபிறகுதான் உன்மேல் வந்த கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

இன்சார்ஜ் சிஸ்டர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. அந்தம்மா ஒருநாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்தம்மா போகச் சொல்லியிருந்தால் நான் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நீ சொன்னதால் போனேன். உன் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. நிஜமான அன்பை வைத்துத்தான் என்னை வெளியே தள்ளினாய். பொய்யான அன்பாக இருந்திருந்தால் எனக்கு அப்போதே பிடிபட்டிருக்கும்.

வீடியோவைச் சத்தம் போடாமல் எடுத்துவிட்டுத் தப்பிக்காதே. வகுப்பு எடுக்கிறாய் அல்லவா? அந்தப் பிள்ளைகளிடம் சொல். எனக்கு எழுதியதை ஒரு வரி விடாமல் சொல். அழாமல் சொல். நீ அழுதால் அவர்கள் உனக்காகத்தான் வருத்தப்படுவார்கள்.


மே 30

அக்கா,

சொல்லிவிட்டேன். அழாமல் சொன்னேன்.

வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "நீங்க ஃபோன் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க மேடம்? வேலைய விட்டு எடுத்திருப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லை, திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. ஒரு திட்டுக்குப் பயந்து செய்திருக்கிறேன். இன்னொரு பெண், "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுவாரம் நிர்வாகத்தில் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் பேசினார்கள். "ரொம்ப சோர்ந்துபோயிட்டம்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்." உங்களை நான் வீட்டுக்கு அனுப்பிய அதே குரல். அடையாளம் தெரிந்ததும் சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து, பயிற்சி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வீடியோவையும் எல்லாக் கிளையிலும் எடுத்துவிட்டார்கள். இப்போது வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. காலையில் சலைன் மாற்றி, படுக்கை விரிப்பு மாற்றி, முதுகு ஒடிகிறது. பேச நேரமே இல்லை. அது ஒரு விதத்தில் நல்லதாக இருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஒருமுறை வந்து உங்களைப் பார்க்கலாமா? வாசலோடு நின்றுவிட்டுப் போகிறேன்.

நர்ஸ்


ஜூலை 12

தங்கச்சிக்கு,

இந்தச் சொல்லைத் தவிர உன்னைக் கூப்பிட எனக்கு வேறு சொல் தெரியாது. அதனால் எழுதுகிறேன். வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ளாதே.

சொன்னபடி செய்திருக்கிறாய். தெரிந்துகொண்டேன். வர வேண்டாம். வாசலில் நிற்கிறவளை உள்ளே கூப்பிடாமல் இருக்க எனக்குத் தெரியாது. உள்ளே கூப்பிட்டால் தண்ணீர் கொடுப்பேன், நீ என் கையைப் பிடிப்பாய், எல்லாம் சரியாகிவிட்டதைப் போல ஆகிவிடும். ஆகவில்லை.

அந்தம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்ட பெண்ணுக்கு இதைச் சொல். அவள் நன்றாகத் தூங்குகிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள். ஆனால் யாராவது கனிவாகப் பேசினால் அவளுக்குப் பயம் வருகிறது. பாங்கில் ஒரு பிள்ளை "உக்காருங்கம்மா" என்றால்கூட, இவனுக்கு நம்மிடம் என்ன ஆகவேண்டும் என்று யோசிக்கிறாள். இது முன்பு அவளிடம் இல்லாத குணம். நீ கொடுத்தது.

போன வாரம் நாத்தனாருக்குப் பித்தப்பை ஆபரேஷன். வேறு ஆஸ்பத்திரியில்தான். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டாள். மயக்கம் தெளியாமல் அவள் அனத்திக்கொண்டிருந்தபோது வார்டுக்குள் சலசலப்பு. டாக்டர்கள் வரும் நேரம். ஒவ்வொரு கட்டிலிலும் இருந்த துணையாட்களை வெளியே போகச் சொல்லிக்கொண்டு ஒரு பையன் வந்தான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் போக மாட்டேன். போலீஸக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்" என்று கத்திவிட்டேன்.

அந்த வார்டு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். சிடுமூஞ்சி. வந்ததிலிருந்து ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசி போட வந்தால் "திரும்புங்க" என்பாள், போட்டால் போய்விடுவாள். என்னையும், நான் கம்பியைப் பிடித்திருந்ததையும் பார்த்தாள். ஏன் எதற்கென்று ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"இருந்துக்கங்க. ஓரமா உக்காருங்க, வழிய மறைக்காதீங்க."

பையனிடம், "அவங்கள விடு" என்றாள். டாக்டர் வந்து முறைத்தபோது, "நான்தான் இருக்கச் சொன்னேன் சார்" என்றாள். அவர் என்னவோ முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நாத்தனார் கண் விழித்து "அண்ணி" என்றபோது நான் அங்கே இருந்தேன்.

அந்த நர்ஸ் கடைசிவரை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருமுறைகூட என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

அக்கா